நுரையண்ணனின் வாளி

ஒரு கைப்பிடி சேற்றை வாளியிலிருக்கும் கடல்நீரில் நழுவவிட்டுக் குனிந்து நிற்கிறார் நுரையண்ணன். சேறு யோசித்து யோசித்து அடியில் போய் உட்காருகிறது. "மாமியார் வீட்டுக்குள்ள நுழையுற புது மாப்ள மாதிரி இறங்கணும். தடதடன்னும் போகக்கூடாது, வாசல்லயே நின்னுடவும் கூடாது" என்று கையை உதறுகிறார்.

துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய சேற்றை முன்பெல்லாம் நடுக்கடலில் கொட்டிவிடுவார்கள். இப்போது அதில் சிமென்ட்டும் நுரையும் கலந்து, கட்டிவரும் துறைச் சுவருக்குப் பின்னால், தண்ணீருக்கடியில் நிரப்புகிறார்கள். கனமாக இருந்தால் சுவரைத் தள்ளும். ரொம்ப லேசானால் மேலே வந்துவிடும். கலவை போடும் மிதவையில் நுரையை அளந்து விட்டு, கலந்த சேற்றில் ஒரு பிடியை வாளியில் போட்டுப் பார்ப்பது இவர் வேலை. பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். ஆனால் டீயில் நுரை இருந்தால் ஊதித் தள்ளிவிட்டுத்தான் வாய் வைப்பார். "நாள் முழுக்க அதோடதான் குடித்தனம், இதுலயுமா?"

'மிதக்குது' என்ற சொல் அவர் காதில் விழக்கூடாது. மிதவையில் நின்றுகொண்டே இப்படி ஒரு சட்டம் போட இவரால்தான் முடியும்.

அன்று கலவையின் எடை பார்க்கும் கருவி பழுதாகிக் கரைக்குப் போயிருந்தது. "வாளி பொய் சொல்லாது, விடுப்பா" என்றார். சேறும் அழகாக இறங்கியது. பம்பு ஓடத் தொடங்கியது. கீழே கலவைக் குழாயின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்த முக்குளிப்பவர், இவர் மனைவியின் தம்பி.

கொஞ்ச நேரத்தில் அவர் தலைக்கவசத்தோடு இணைந்த ஒலிபெருக்கி மிதவையில் கரகரத்தது. "மாமா, நீங்க சொல்லக்கூடாதுன்ன வார்த்தைதான். கட்டி கட்டியா மேல வருது. கண்ணு தெரியல. காத்துக்குழாய் வேற எங்கயோ மாட்டிக்கிச்சு."

பம்பை நிறுத்திய கையோடு நுரையண்ணன் வாளியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பே இல்லை. ராத்திரி பெய்த மழை வாளியை நிரப்பிவிட்டிருந்தது. காலையில் அதைக் கொட்டிக் கடல்நீர் மொள்ள இவர் மறந்திருக்கிறார். மழைத்தண்ணீரில் மூழ்குவதெல்லாம் கடலில் மூழ்கிவிடாது, கடல்நீர் கனம்.

"சிமென்ட்டுல கோளாறோ?" என்றார் மேஸ்திரி.

"சிமென்ட்ட எதுக்கு இழுக்குற? தப்பு என்னுது." பிறகு ஒலிவாங்கியை வாயோடு ஒட்டிக்கொண்டு, "மச்சான், அசையாத. இழுத்துப் பாக்காத. ஆள் இறங்கியாச்சு" என்றார். குரல் ஆடவில்லை.

இறங்கிய இரண்டாவது முக்குளிப்பவர் துழாவித் துழாவிக் காற்றுக்குழாயை விடுவித்து, மச்சானை ஏணிவரை கூட்டிவந்தார். மேலே வந்த தலைக்கவசத்தின் கண்ணாடி முழுக்கச் சேறு. உள்ளே முகம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஒலிபெருக்கிதான் முதலில் பேசியது: "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, மாமா."

யாரோ சிரித்தார்கள். நுரையண்ணன் சட்டை நுனியை இழுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். உள்ளே இரண்டு கண்கள் சிமிட்டுவது தெரிந்தது. தெரிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.