சொலாஞ்ச் சைக்கிள் விடுமுறை போன கதை

எங்கள் நிவெர்னே கால்வாய்க் கரையில் மதகுக்காரி சொலாஞ்சைத் தெரியாதவர்கள் இரண்டே வகை: இன்னும் பிறக்காதவர்கள், பாரிஸ்காரர்கள். மேலேயிருந்து வரும் படகைத் தொட்டிக்குள் விட்டு, பின்கதவைச் சாத்தி, தண்ணீரை வடித்து, முன்கதவைத் திறந்து கீழே அனுப்பிவைப்பது அவள் உத்தியோகம். ஏறி வருகிற படகுக்கு எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அவள் வலக்கை இடக்கையைவிட ஒரு சாண் வளர்ந்துவிட்டது என்பார்கள். நான் அளந்து பார்த்ததில்லை. ஆனால் மேசையின் அந்தக் கோடியில் இருக்கிற ரொட்டியை அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மதகு வீட்டுக்குப் பின்னால் அவளுக்கு ஒரு தோட்டம். அதில் காய்த்த தக்காளி ஒன்றை வாங்கிப் பின்பையில் வைத்த ஹாலந்துக்காரர் ஒருவருக்குச் சைக்கிளின் முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. கோடை வந்தால் கரைப்பாதை முழுக்க இந்தச் சைக்கிள் விடுமுறைக்காரர்கள்தான். கால்வாய் போய் முடிகிற ஓசேர் நகரம் வரைக்கும் பாதை எப்படி என்று எல்லாரும் அவளிடம் கேட்பார்கள். மேசை மாதிரி சமம் என்று எல்லாருக்கும் சொல்லுவாள். அடுத்த மதகைத் தாண்டி அவள் சைக்கிளில் போனதே கிடையாது. போகிறவர்களுக்குக் கையசைத்தே தலை நரைத்துப்போயிற்று.

அந்த ஜூனில் அவளுக்கு ஓய்வு வந்தது. வந்ததும் தானும் ஒருமுறை ஓசேர் வரைக்கும் சைக்கிள் விடுமுறை போவது என்று முடிவு செய்திருந்தாள். மதகு வீடு சர்க்காருடையது. கோடை முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். ஓசேருக்குச் சற்று முன்னால் இருக்கிற வின்செல் ஊரில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பார்த்து வைத்திருந்தாள். அதன் தோட்டம் சரிந்து சரிந்து கால்வாய்க் கரை வரைக்கும் போகும். நடுவில் ஒரு செர்ரி மரம். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கும், அன்செல்ம் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்.

அன்செல்ம் பழைய சரளைக்கல் படகுக்காரர். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. இப்போது அந்த நீளப் படகில் தன்னையும் வெங்காய மூட்டையையும் மட்டும் ஏற்றிக்கொண்டு வசந்தத்தில் மேலே போவார், கோடையில் கீழே வருவார். அந்த முறை சொலாஞ்சின் தொட்டிக்குள் வந்து கயிற்றை வீசினார். தண்ணீர் வடிய வடியப் படகோடு கீழே இறங்கிக்கொண்டே கல்யாணப் பேச்சை எடுத்தார். பேசி முடித்தபோது மேலே தொப்பி மட்டும்தான் தெரிந்தது.

"எங்கூடப் படகுல வந்துடு அம்மணி. சமையல் என் பாடு."

சொலாஞ்ச் தொப்பியைப் பார்த்துப் பதில் சொன்னாள்: "தண்ணி மேல தக்காளி காய்க்குமா கேப்டனே? நீங்க வேணா மேல ஏறி என் வீட்டுக்கு வாங்க."

தரையில் படுத்தால் தனக்குத் தலை சுற்றும் என்றார் அவர். ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தபோது, ஆடாத கட்டிலைத் தாங்கமாட்டாமல் நர்ஸைக் கூப்பிட்டு ஆட்டச் சொன்னவராம். இவளோ, படகுகளை அனுப்பித்தான் பழக்கம், ஏறிப் பழக்கமில்லை என்றாள். இப்படிப் பேசிப் பேசி, அந்தப் பக்கம் காத்திருந்த படகுகள் எல்லாம் ஊதத் தொடங்கிய பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவள் எப்படியும் சைக்கிள் விடுமுறை போகப்போகிறாள். அவர் எப்படியும் ஓசேருக்குப் போகிறார். ஓசேர் பெரிய பாலத்தை யார் முதலில் எட்டுகிறார்களோ, அவர் சொல்லுகிற இடத்தில்தான் குடித்தனம்.

சைக்கிளுக்கு இரண்டு நாள் பாதை. படகு நடக்கிற வேகத்தில் போகும், மதகுக்கு மதகு நிற்கும். ரொட்டிக்கடையில் கூடிய நாங்கள் எல்லாரும் சைக்கிள் மேல் ஆளுக்கொரு வைன் பாட்டில் பந்தயம் கட்டினோம். படகு மேல் கட்டியவர் பாதிரியார் ஒருவர்தான். பாவமன்னிப்புக் கேட்க வருகிற மதகுக்காரர்களிடம் அவர் எதையோ கற்றுவைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை காலை சொலாஞ்ச் சிவப்புச் சைக்கிளில் இரண்டு பக்கமும் பை கட்டி, தலைக்கவசத்தைத் தொப்பி மாதிரிச் சாய்த்து வைத்துக்கொண்டு கிளம்பினாள். பாப்லர் மரங்கள் காற்றில் சலசலக்க, நாரை ஒன்று கூடவே பறக்க, ஒரே மூச்சில் முதல் மதகைத் தாண்டியிருப்பாள். அதற்குள் பின்னால் அன்செல்மின் படகு ஒரு நீள ஊதல் ஊதியது. மதகு நெருங்கினால் ஊத வேண்டும் என்பது படகுக்காரன் முறை. ஊதல் கேட்டால் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும் என்பது மதகுக்காரியின் ரத்தம். மூளைக்குச் சேதி போவதற்குள் கால் தரையில் ஊன்றிவிட்டது. அந்த மதகுக்காரன் மொபெட்டில் வேறு மதகுக்குப் போயிருந்தான். சொலாஞ்ச் தொட்டியை நிரப்பி, கதவைத் திறந்து, கயிற்றைப் பிடித்து, வடித்து, அனுப்பிவைத்து, நல்ல பயணம் என்று கையும் அசைத்தாள். படகு வளைவில் மறைந்த பிறகுதான் தான் பந்தயத்தில் இருப்பது ஞாபகம் வந்தது.

அடுத்த மதகிலும் அதே கதை. அதற்கடுத்ததிலும். மதகுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நாற்காலியை நிழலில் போட்டுக்கொண்டு, "நீங்களே பண்ணுங்க மதாம், உங்க கை மாதிரி வருமா" என்று காலை நீட்டினார்கள். பன்னிரண்டு மணி அடித்தால் மதகுகள் சாப்பாட்டுக்கு மூடும். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் எவ்வளவோ தூரம் முந்தியிருக்கலாம். ஆனால் அவளும் பழக்கத்தில் மணி அடித்ததும் எங்கே இருந்தாளோ அங்கேயே இறங்கி, புல்லில் துணி விரித்து, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் ரொட்டியுமாக உட்கார்ந்துவிட்டாள். வழியிலுள்ள க்ளாம்ஸி ஊர் சேர்வதற்குள் ஹாலந்துக்காரப் பாட்டி ஒருத்தி, மூன்று சக்கரச் சைக்கிளில், அவளை இரண்டு தடவை முந்திவிட்டாள். இரண்டாவது தடவை எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆனாலும் அவள் அப்படிச் சிரித்துத் தாங்கள் பார்த்ததில்லை என்று வழியில் கண்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள். கால்வாயை ஒட்டி ஓடுகிற ஆற்றில் குளித்தாள். கூடாரத்தில் தூங்கினாள். பாதை ஏறி இறங்குகிற இடங்களில், மேசை மாதிரி என்று தான் சொல்லி அனுப்பியவர்களிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டாள்.

புதன்கிழமை ஊதல் கேட்கவில்லை. ஒரு மதகு, இரண்டு மதகு, சைக்கிள் அம்பாகப் பறந்தது. மெய்லி ஊர்ப் பக்கத்துப் பாறைகளைத் தாண்டினாள். இதே வேகத்தில் போனால் மறுநாளே ஓசேர். வின்செல் வீடும் தோட்டமும் அவளுடையவை. அங்கே ஒரு மதகில் இறங்கிக் காதைத் தீட்டினாள். தவளைச் சத்தம்தான் கேட்டது. இவர் தண்ணீரில் விழுந்திருந்தால்? சைக்கிளைத் திருப்பினாள். வந்த வழி அத்தனையும் வெறிபிடித்த மாதிரி மிதித்துப் போனாள்.

அன்செல்ம் பாப்லர் நிழலில் படகைக் கட்டிவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் ஊதல?" அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஊதினா நீ நிப்ப."

"நிக்கட்டுமே. உங்களுக்கென்ன?"

"நின்னா நீ தோப்ப. தோத்தா உனக்குத் தோட்டம் இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயமாகத்தான் இருக்கும்.

"வீட்டுல படுத்தா தலை சுத்துமே உங்களுக்கு?"

"சுத்தட்டும். இந்த வயசுல சுத்தறதுக்கு வேற என்ன இருக்கு."

சொலாஞ்சுக்கு வந்த கோபத்தை அந்த ஆறு அதுவரை கண்டிருக்காது. அவர் விட்டுக்கொடுத்து வருகிற ஜெயம் தனக்கு வேண்டாம் என்றாள். போட்டியென்றால் போட்டி; இனிமேல் தான்தான் தோற்பேன் என்றும் சொன்னாள். தான் இன்னும் நன்றாகத் தோற்பேன் என்றார் அவர். அன்று இரவு வெங்காயம் போட்ட கோழியை இருவரும் கரைப் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மிச்சம் மீதி வைக்கவில்லை.

அதற்கப்புறம் அந்தக் கால்வாய் கண்ட பந்தயம் மாதிரி உலகத்தில் எங்கேயும் நடந்திருக்காது. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். அவர் படகை மிதக்கவிட்டார். அவள் செர்ரி பறிக்க நின்றாள். அவள் பறித்ததைக் கழுவ அவர் நின்றார். ஆமை ஒன்று கரைப்பாதையில் இருவரையும் முந்தியதை நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி மதகில் கதை முட்டிக்கொண்டு நின்றது. படகு தொட்டிக்குள். சைக்கிள் கரையில். பாலம் கூப்பிடு தூரம். நாங்கள் பாதி ஊரும் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தோம்.

"நீங்க போங்க கேப்டனே."

"பெண்கள் முதல்ல, அம்மணி."

பின்னால் வாடகைப் படகுகள் வரிசையாக நின்று ஊதின. அந்த மதகுக்காரன் ரெஜிஸுக்கு வீட்டில் முயல் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. மணி பன்னிரண்டை நெருங்க நெருங்க அவன் முகம் சிவந்தது. சிவப்புச் சைக்கிளைப் பையோடு தூக்கிப் படகின் முன்முனையில் வைத்தான். "ஏறும்மா. ஏறாட்டி உன்னையும் தூக்கி வெச்சிடுவேன்" என்றான். சொலாஞ்ச் ஏறினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படகில் நின்றாள். தண்ணீர் வடிந்தது. நேற்றுவரை மேலே நின்று பார்த்ததை இன்று தானே கீழே இறங்கிக்கொண்டு பார்த்தாள். கதவு திறந்ததும் அவள் வாய் விட்டுச் சிரித்தது பாலம் வரைக்கும் கேட்டது.

படகு பாலத்தடியில் நுழைந்தது. முன்முனையில் அவள் சைக்கிளோடு. சுக்கானைப் பிடித்த அன்செல்ம் முப்பது மீட்டருக்கு மேல் பின்னால். ஜெயித்தது சைக்கிள்தான் என்று நாங்கள் கத்தினோம். படகு அல்லவா கொண்டுவந்தது என்று பாதிரியார் வாதாடினார். பாட்டில்களை எல்லாரும் சேர்ந்து அங்கேயே திறந்ததால் அந்த வழக்கு முடியவேயில்லை.

ஜெயித்தவள் தீர்ப்புச் சொன்னாள். படகைத் திருப்பச் சொன்னாள். வின்செல் வீட்டுத் தோட்டம் போய் முடிகிற கரையில் அன்செல்ம் படகைக் கட்டினார். அவள் வீட்டில் தூங்குகிறாள், அவர் படகில் தூங்குகிறார். நடுவில் தக்காளிப் பாத்தி. விருந்தாளி மாதிரி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் தலை சீவிக்கொண்டு போகிறார்கள். எங்கள் பக்கத்தில் பல கல்யாணங்களுக்கு இந்த ஏற்பாடு முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவோ பீங்கான் தட்டு உடையாமல் மிஞ்சியிருக்கும்.

சண்டை வராமலா? வந்தால் அன்செல்ம் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய்க் கட்டிக்கொள்வார். சொலாஞ்ச் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அடுப்படி ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, வாசனை எதிர்க்கரையை எட்டுகிற வரைக்கும் சிவப்பு வைனில் மாட்டிறைச்சியை வேகவைப்பாள்.