முன்கொக்கி

பொம்மை நீராவி எஞ்சினின் முன்பக்கக் கொக்கி வெறும் அலங்காரம். பின்னால் போகும்போதும் பெட்டியை இழுக்கட்டும் என்று அதைக் கழற்றி, நிஜமாகவே மாட்டும் கொக்கியை நேற்று பொருத்தினேன். பெட்டியைத் தள்ளியதும் 'டக்' என்று மாட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் என்னைத் திண்டுக்கல் ரயில்வே குடியிருப்புக்கே கொண்டுபோய்விட்டது.

அப்பாவுக்கு எஞ்சினோடு பெட்டிகளை மாட்டும் வேலை. கரிப்புகையும் எண்ணெயும் மணக்க வீட்டுக்கு வருவார். ஒருநாள் கொக்கியை மாட்டி முடிக்குமுன் எஞ்சின் நகர்ந்து, அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பிய மதியம், அந்த எஞ்சினை ஓட்டிய மாணிக்கம் மாமா வாசலில் நின்று அழுதார்.

"பச்சைக் கொடி அசைஞ்சதுன்னு நெனச்சு எடுத்துட்டேண்ணே."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாதான் கூப்பிட்டார்.

"ஏலே, உள்ள வா. சாப்டியா? எனக்கும் பசிக்குது. கைதான் முடியல, நீயே பெசஞ்சு ஊட்டு."

மாமா கத்திரிக்காய்க் குழம்பைப் பிசைந்து ஊட்டினார். கட்டு பிரிக்கும்வரை தினமும் வந்தார். முதல் மூன்று நாட்கள் அம்மா அவரிடம் பேசவே இல்லை. நாலாம் நாள் அவர் வரத் தாமதமானபோது, வாசலுக்குப் போய் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றது அம்மாதான்.

பொம்மை எஞ்சினைப் பின்னோக்கி ஓடவிட்டேன். பெட்டி கூடவே வந்தது.