குழாய்க்குக் கண்ணீர் அஞ்சலி

தண்ணீர் எடுத்து வருவது கர்ணனின் வேலை. டிவிஎஸ் எக்ஸெல்லின் இரண்டு பக்கமும் குடங்களைக் கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்கு மூன்று நடை. சின்னமனூருக்குப் பக்கத்து ஊர் அது. மேலத்தெருக் குழாயில் நாற்பது நாளாகக் காற்றுதான் வந்தது. அவன் தண்ணீருக்குப் போகும் நேரத்தில் அவன் மனைவி பஞ்சம்மாள் தெருப் பெண்களின் வாட்ஸப் குழுவில் இருப்பாள்.

நாற்பத்தாறு வயது. உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே இருபது வருடமாக டைப் அடிக்கிறாள். மனுக்களை அடித்து அடித்தே சட்டம் அவளுக்கு விரல் வழியாக ஏறிவிட்டது. ஜூனியர் வக்கீல்கள் சந்தேகம் கேட்டால், டீ வந்த பிறகுதான் வாயைத் திறப்பாள்.

நாற்பதாம் நாள், குழாய்க்கு ஒரு கண்ணீர் அஞ்சலி அடித்துக் குழுவில் போட்டாள். குழாயின் படம், தோற்றம், மறைவு. கீழே கொட்டை எழுத்தில், ‘துக்கத்தில் வாடும் பஞ்சம்மாள், கர்ணன் மற்றும் மேலத்தெருக் குடங்கள்.’

எல்லாம் முறைப்படி இருந்ததுதான் வினை. ஜெயமங்கலத்தில் இருக்கும் கர்ணனின் சித்தப்பா மகன் வேல்பாண்டிக்கு அது போய்ச் சேர்ந்தது. அவன் வாசித்தது இரண்டு பெயர்களை மட்டும். செத்தது யாரென்று போனில் கேட்பது மரியாதையா? ரோசாப்பூ மாலையோடு பஸ் ஏறி, வாசலிலேயே அழுகையைத் தொடங்கிவிட்டான்.

டீ குடித்துக்கொண்டிருந்த கர்ணன் எட்டிப் பார்த்தான்.

“ஏலே வேலு, யாருலே செத்தாக?”

“அதான்ணே எனக்கும் தெரியல. யாரு பேரச் சொல்லி அழுகுறதுன்னு முழிச்சுக்கிட்டு நிக்கிறேன்.”

சாவுக்கென்று வந்த மாலையைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. பஞ்சம்மாள் அதை வாங்கிக் குழாய் கழுத்தில் போட்டாள். அதைப் படம் எடுத்துக் குழுவில் போட, அது கம்பம் டவுன் வரைக்கும் போனது. வார்டு கவுன்சிலர் புகார் கொடுத்தார். மறுநாள் காலை அவளுக்கு ஸ்டேஷனிலிருந்து அழைப்பு.

“அவதூறு பண்ணிருக்கம்மா. போனக் குடு, லாக்க எடுத்துக் குடு. இன்னும் யாரு யாரு பேசியிருக்காகன்னு பாக்கணும்” என்றார் எஸ்.ஐ. பாண்டியராஜன்.

“என்ன செக்ஷனுங்கய்யா?”

“ஐ.டி. ஆக்ட், அறுபத்தாறு ஏ.”

“அது செத்து வருசமாச்சேய்யா. ரெண்டாயிரத்துப் பதினஞ்சுலயே சுப்ரீம் கோர்ட்டு ரத்து பண்ணிருச்சு. அதுக்கும் ஒரு அஞ்சலி அடிச்சுத் தரவா?”

மூலையில் இருந்த ஏட்டம்மா சிரிப்பைத் தும்மலாக்கிச் சமாளித்தாள்.

“வாய் நீளுதே! ஒண்ணும் இல்லாட்டிக் காட்டுறதுக்கு என்ன?”

“இருக்கேய்யா. எங்க தெருவே அதுலதான் இருக்கு. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு ஒம்பது நீதிபதிக உக்காந்து சொல்லிருக்காக. வேணும்னா எழுத்துல நோட்டீசு குடுங்க, வக்கீலோட வாரேன். டைப் அடிக்க ஆளில்லன்னா நானே அடிச்சுத் தாரேன்.”

பேச்சு துணிச்சலாகத்தான் இருந்தது. போனை மட்டும் முந்தானைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். குழுவில் இருந்தது குழாய் மட்டுமில்லை. நான்கு மாதத்துக்கு முன் கர்ணனின் குறட்டையைப் பதிவுசெய்து, ‘குமுளி மலை ஏறும் லோடு லாரி’ என்று தலைப்பு வைத்துப் போட்டவள் அவள்தான். முப்பத்தேழு பெண்கள் சிரித்திருந்தார்கள். அவர்களில் யுவராணி அதைக் காலை அலாரமாகவே வைத்துக்கொண்டாள். கவுன்சிலர் கோபம் நாலு நாளில் ஆறிவிடும். கர்ணன் அப்படியில்லை. பத்து வருடத்துக்கு முன் அவன் வைத்த ரசத்தை அவள் தங்கை குறை சொன்னதற்கு, இன்னும் அந்த வீட்டில் கை நனைக்காதவன்.

பாண்டியராஜன் யாரிடமோ போனில் செக்ஷனைச் சொல்லிக் கேட்டார். பிறகு, “போம்மா, கூப்பிட்டா வரணும்” என்றார்.

அவள் வீடு வந்தபோது கர்ணன் சோறு வடித்து வைத்திருந்தான். முகமெல்லாம் பெருமை.

“போலீசுக்கே போனக் குடுக்கலயாம்ல? டீக்கடையில இதான் பேச்சு.”

“சட்டம் இருக்குல்ல.”

“அதுசரி. அப்பிடி என்னதான் இருக்கு அதுல?”

“பொம்பளைக பேச்சு. உங்களுக்கு எதுக்கு?”

கர்ணன் அவள் தட்டில் சோற்றைப் போட்டான். கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“இல்ல புள்ள, கொஞ்ச நாளா ஒரு ரோசனை. நான் தண்ணிக்குப் போறப்ப ஒன் கூட்டாளிக எல்லாம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாக. நேத்து அந்த யுவராணி, ‘லாரி வருது, வழி விடுங்க’ங்குது. நான் ஓட்டுறது எக்ஸெல்லு.” அவன் குரல் இறங்கியது. “என்னயப் பத்தி ஏதும் இருக்கா அதுல?”

பஞ்சம்மாள் ஒரு வாய் சோற்றைப் பிசைந்தாள், வைத்தாள். பிறகு கையைக் கழுவி, போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அலாரத்தை மாற்றச் சொல்ல யுவராணி வீட்டுக்கு நடந்தாள்.