வலைக் கம்பத்தருகே ஒரு சறுக்குத் தடம்

செபாஸ்டியனுக்குப் பீங்கான் ஆலையில் மண் அரைக்கும் பிரிவில் வேலை. அது போக, ஆபீசர் கிளப்பின் டென்னிஸ் தரையும் அவர் பொறுப்பு. அடியில் செம்மண், மேலே சூளையில் உடைந்து வீணானதை அரைத்துச் சலித்த பொடி. சாயங்காலம் தண்ணீர் தெளித்து, கல் உருளையை இழுத்து, துடைப்பத்தால் பெருக்கிவிட்டு வேலிக் கதவைப் பூட்டுவார். செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றிவிடுவார். அந்தத் தரையில் அவர் வெறுங்காலோடுதான் நடந்தார்.

ஆட்டங்களின் மேல் தொழிலாளிகள் பந்தயம் கட்டுவார்கள். தோற்றவன் ஒரு மாதத்துக்கு டீ வாங்கித் தர வேண்டும். அவ்வளவுதான். ஆறு வருஷத்தில் செபாஸ்டியன் யாருக்கும் டீ வாங்கித் தந்ததில்லை.

அவர் செய்ததில் மாயம் ஒன்றுமில்லை. காலையில் ஒரு பந்தைத் தாடை உயரத்திலிருந்து விடுவார். முழங்காலுக்கு மேல் எழும்பினால் தரை வேகம். கீழேயே நின்றால் மந்தம். கட்டைவிரலை ஊன்றி ஈரம் பார்ப்பார். அப்புறம் ஆள். முந்தைய நாள் ஆடியவர்களின் சறுக்குத் தடங்களைப் பெருக்குவதற்கு முன் குனிந்து படிப்பார். சறுக்கி வந்து நின்று அடிக்கிறவன் நல்ல நிலையில் இருக்கிறான். அடித்துவிட்டுச் சறுக்குகிறவன் பந்துக்குத் தாமதமாக வருகிறான். எத்தனை பெரிய பேர் இருந்தாலும் அந்த வாரம் அவன் தேறமாட்டான். மந்தமான தரையில் பலமான அடி பாதி செத்துப்போகும், ஓடுகிறவனுக்குச் சாதகம். ஆனால் ஓடுகிறவனுக்கு அன்றைக்குக் கால் இருக்க வேண்டும். தரையை மட்டும் பார்த்தவனும் ஆளை மட்டும் பார்த்தவனும் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

பந்தயத்துக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. கட்டினவன் ஆட்டம் முடியும்வரை ஆட்டக்காரனிடம் வாய் திறக்கக் கூடாது. ஒருமுறை எவனோ ஆட்டக்காரன் காதில் ஓதித் தோற்க வைத்தான் என்று சண்டை வந்து, அதன் பிறகு எல்லாரும் கூடி வைத்தது. தரையைப் பார்த்துக்கொள்கிறவர் என்பதால் செபாஸ்டியன் அதில் மற்றவர்களைவிடக் கறார். சைகைகூடக் காட்டமாட்டார்.

அவருடைய தம்பி சவரிராஜ் சூளையில் எரிப்பு வேலை பார்த்தவன். ஆபீசர்களுக்கு ஜோடி குறைந்தபோது மட்டையைப் பிடித்தான். இரண்டு வருஷத்தில் அவர்களையெல்லாம் ஓட விட்டான். அண்ணன் வீட்டிலேயே இருந்தான். இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. அவனுக்கு ஒரே ஜோடி கேன்வாஸ் ஷூ. வலது குதிகால் தேய்ந்து, அரை வட்டமாக ரப்பர் ஒட்டு போட்டிருந்தது. தரையில் அந்த ஒட்டைப் பார்த்தால் சவரி என்று செபாஸ்டியனுக்குத் தெரியும்.

1968 பங்குனியில் கடலூரிலிருந்து கோவிந்தசாமி என்பவர் ஆட வந்தார். இடி மாதிரி சர்வீஸ் போடுகிறவர். அச்சுப் பிரிவு மாணிக்கவேல் அவர் பக்கம் கட்டினான். செபாஸ்டியன் பத்து நாள் தம்பியின் தடங்களைப் பார்த்திருந்தார். எல்லாம் குட்டையாக, அடிக்கு முன்னாலேயே நின்ற தடங்கள். தம்பிக்காகத் தண்ணீரை ஒரு குடம்கூடக் கூட்டவில்லை. தரை தானாகவே மந்தமாக இருந்தது. முந்தைய நாள் சாயங்காலம் தம்பி பக்கம் கட்டினார். உருளை போட்டுப் பெருக்கி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

விடிந்ததும் கதவைத் திறந்தார். பெருக்கிய தரையில் ஒரு தடம் இருந்தது.

ஒன்றே ஒன்று. பின்கோட்டருகே இல்லை, வலைக்குப் பக்கத்தில், ஓரத்தில். நாலடி நீளத்துக்கு வலது காலின் சறுக்கல். குதிகாலில் அரை வட்டம். அது நிற்கவில்லை. நேராகப் போய் வலைக் கம்பத்தின் இரும்பில் முடிந்தது. அங்கே வந்ததற்கும் காலடி இல்லை, திரும்பியதற்கும் இல்லை.

செபாஸ்டியன் கட்டைவிரலை அதில் வைத்தார். மற்ற இடத்தைப் போலவே ஈரம். எழுந்து வீட்டுக்கு நடந்தார். சவரி தூங்கிக்கொண்டிருந்தான். ஷூ ஆணியில் தொங்கியது. ராத்திரி பூசிய வெள்ளைச் சுண்ணம் காய்ந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

தம்பி எழும்வரை அங்கேயே நின்றார். சவரி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான்.

"என்னாண்ணே, இப்படி நிக்கிற?"

செபாஸ்டியன் பதில் சொல்லவில்லை. சவரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தான்.

"கட்டிட்ட. எம்மேலதான கட்டியிருக்க? சரி சரி, வாயத் தொறக்காத. அந்த மாணிக்கவேலு டீய இன்னிக்கே குடிச்சிடலாம்."

அந்தச் சிரிப்போடுதான் அவன் ஷூவை மாட்டினான். அண்ணன் கட்டினால் தப்பாது என்பது அவனுக்குப் பெரிய பலம். செபாஸ்டியன் மறுபடி தரைக்குப் போய், அந்தத் தடத்தின் மேல் மூன்று முறை துடைப்பத்தை இழுத்தார்.

மூன்றாவது செட்டில் நாலுக்கு நாலு. கோவிந்தசாமி பந்தை வலைக்கு அருகே, ஓரமாகத் தட்டிப் போட்டார். சவரி குறுக்கே ஓடி வந்து வலது காலைச் சறுக்கினான். செபாஸ்டியன் வேலியோரம் நின்றார். அந்தக் கால் எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சவரி பந்தை எடுத்துவிட்டான். அந்தப் புள்ளி அவனுக்குத்தான். நெற்றிப்பொட்டு கம்பத்தில் பட்டது.

மூன்றாம் நாள் சவரிக்காகக் கோயிலில் சாவு மணி அடித்தார்கள். மாணிக்கவேல் அடக்கத்துக்கு வந்து கடைசியில் நின்றான். டீயைப் பற்றி யாரும் பேசவில்லை.

செபாஸ்டியன் பிறகு பந்தயம் கட்டவில்லை. தரை வேலையைக் கைவிடவும் இல்லை. ஆனால் பேச ஆரம்பித்தார். எது மனசில் பட்டாலும் சொல்லிவிடுவார். பஸ்ஸில் முன்பின் தெரியாதவரிடம், "இந்தப் பக்கம் உக்காராதீங்க, என்னமோ மாதிரி இருக்குது" என்பார். மனைவி மதலேனா கிணற்றுக்குப் போனால் வாளிக் கயிற்றைப் பற்றிச் சொல்வார். மகள் அன்னாள் ஸ்கூலுக்குக் கிளம்பினால் தெருமுனைவரை கூடவே சொல்லிக்கொண்டு போவார். "செபாஸ்டியன் வாயி சூளையாட்டம், அணையவே அணையாது" என்று ஆலையில் கேலி செய்தார்கள். ஏன் என்று மகளிடம் மட்டும், அவள் பீங்கான் தொழில்நுட்பம் படிக்கப் போன பிறகு, சொன்னார்.

அவள் கம்பத்தருகே மண் எடுத்துச் சோதித்தாள். ஈரம், நுண்மை, சுருக்கம் மூன்றையும் அளந்தாள். பத்தடி தள்ளி எடுத்த மண்ணுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அதை அவரிடம் சொன்னபோது தலையாட்டினார். மண்ணைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

ஒன்பது வருஷம் அப்படி ஒரு தடமும் வரவில்லை. 1977 ஆடியில் ஒரு காலை கிளப்பிலிருந்து திரும்பினார். அன்னாள் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து காபி கேட்டார்.

"இன்னிக்கி ஒரு தடம் இருக்குதும்மா. நடுவுல."

"சறுக்கினதா?"

"இல்ல. நடந்தது. செருப்புக் காலு. டயர் செருப்பு."

அன்னாள் வாசலைப் பார்த்தாள். அங்கே அவருடைய டயர் செருப்பு கிடந்தது. நேற்று மறந்துபோய் அதோடு உள்ளே நடந்திருப்பீர்கள் என்றாள். அவர் கோபப்படவில்லை.

"பெருக்கல. அப்படியே வுட்டுட்டு வந்துட்டேன். ஒங்கிட்ட சொல்லணும்னுதான் வேகமா வந்தேன்."

காபியைக் கடைசிவரை குடித்தார். பல வருஷங்களுக்குப் பிறகு அவருக்கு மேற்கொண்டு சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அன்னாள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, அன்று முழுக்க அவர் பக்கத்திலேயே இருந்தாள்.