பெட்டி மேல் பெரிய எழுத்து

சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் மகளுக்கு இன்று காலை வாட்ஸ்அப்பில் 'சாப்பிட்டியா' என்று அனுப்பினேன். தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் தட்டினேன், அத்தனையும் கேப்பிட்டல் என்கிற பெரிய எழுத்து. உடனே பதில் வந்தது: "எதுக்குப்பா கத்துதிய? இன்னும் கோவம் தீரலையா?"

போனை மனைவியிடம் நீட்டினேன். அவள் போகிறேன் என்றபோது நான் சண்டை போட்டது உண்மை. ரயில் ஏற்றிவிடவும் போகவில்லை. அதைச் சரிக்கட்டத்தான் இந்த 'சாப்பிட்டியா'வே. முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துகிற மாதிரியாம். "ஊருக்கே தெரியும், ஒங்களுக்குத்தான் தெரியாது" என்றாள் மனைவி.

எனக்கு எப்படித் தெரியும்? ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷ் பாடத்தில் நான் அஞ்சியதே இந்தப் பெரிய எழுத்துக்குத்தான். குற்றாலத்துக்குப் பெரிய எழுத்து. அருவிக்குச் சின்ன எழுத்து. குற்றால அருவி என்று சேர்த்துப் பெயராகச் சொன்னால் இரண்டுக்கும் பெரிய எழுத்து. அருவி அங்கேதானே விழுகிறது, அதற்கு எப்போது மரியாதை கூடியது? தமிழில் இந்தத் தொல்லை இல்லை. கலெக்டரும் கத்தரிக்காயும் ஒரே உயரம்.

பள்ளியை விட்டதும் தென்காசியில் ஒரு அட்டைப்பெட்டிக் கடையில் சேர்ந்தேன். வளைகுடாவுக்குப் போகிறவர்களின் பெட்டியை நைலான் கயிறு போட்டுக் கட்டி, எல்லாப் பக்கமும் மார்க்கரால் பேர் எழுத வேண்டும். அந்த மார்க்கர் வாசனை இப்போதும் மூக்கில் நிற்கிறது. குற்றாலச் சீசன் சாரல் கடை வரைக்கும் அடிக்கும். திருவனந்தபுரம் விமான நிலையம் போவதற்குள் மை கரைந்துவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்காது.

முதல் பெட்டிக்கு, பள்ளியில் சொன்னபடி, பேரின் தலையில் மட்டும் பெரிய எழுத்து வைத்து அடக்கமாக எழுதினேன். மகனை முதன்முதலாக அனுப்புகிற ஒரு அம்மா குனிந்து பார்த்தார்.

"ஏலே, என்னலே எறும்பு ஊந்த மாரி இருக்கு? எம்புள்ள அங்கன எறங்கி எப்படிக் கண்டுபிடிப்பான்?"

"அவன் பேனாவுக்கே பயப்படுதவம்மா" என்றார் முதலாளி.

"பயந்தா எப்படி? பெட்டி வரும்போதே எம்புள்ள பேரச் சொல்லிக் கூப்புடணும்லா!"

பெட்டியைத் திருப்பிப் போட்டு, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக, உள்ளங்கை அகலத்துக்கு எழுதினேன். அந்த அம்மா விரலால் தடவிப் பார்த்தார். அன்றிலிருந்து எனக்கு ஒரே எழுத்துதான். தூரத்துக்குப் போகிற எதற்கும் அதுதான்.

இதையெல்லாம் மகளுக்கு எப்படித் தட்டுவது? அடித்து அடித்து அழித்தேன். கடைசியில் தமிழிலேயே எழுதினேன்: "கோவம் இல்ல மக்கா. நீ தூரத்துல இருக்க, அதான்." நீல டிக் விழுந்தது. பதிலைக் காணோம். நடையாய் நடந்தேன். பிறகு வந்தது, இங்கிலீஷ் எழுத்தில், அத்தனையும் பெரிய எழுத்தில்: "சாப்பிட்டேன்பா."

சாயங்காலம் பஜார் பக்கம் போனேன். அந்த அட்டைப்பெட்டிக் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் தொங்குகிறது. பக்கத்தில் ஒரு வேனில், வெளிநாடு போகிற யாருடையதோ, சக்கரம் வைத்த பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே அச்சு. சுற்றி வந்து பார்த்தேன். ஒன்றிலும் பேரில்லை. இறங்குகிற இடத்தில் எது யாருடையது என்று எப்படித்தான் கண்டுபிடிப்பார்களோ. வேன் செங்கோட்டைப் பக்கம் திரும்பும்வரை எனக்குப் பதறிக்கொண்டே இருந்தது.