துணைக்கு ஒரு பெயர்

திருத்தணி மலையடிவாரத்தில் பெயர்ப்பலகை அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். ஒரு மத்தியானம், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்தார். தறியில் உட்கார்ந்து முதுகு போன பெண்களுக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுபவர். பல நாள் தூங்காத கண்கள். பேசும்போது தன் கட்டைவிரலையே அமுக்கிக்கொண்டிருந்தார்.

"போர்டு மாத்தணுங்க. மசாஜ்னு போட்டதுல இருந்து கண்டவனெல்லாம் போன் பண்ணி அசிங்கமா பேசிகினு இருக்கான்."

"முருகன் பேர் வெச்சிடலாமா?"

"வேணாங்க. அவனுங்க வாயில சாமி பேரும் வரணுமா?"

இன்னும் சில பெயர்கள் சொன்னேன். எல்லாவற்றையும் சலிப்போடு மறுத்தார். கடைசியில், "எங்க வூட்டுக்காரர் பேரப் போட்டுடுங்க. ஆம்பள பேரப் பாத்தா அடங்குவானுங்க," என்றார்.

"அவரும் கூட இருந்து பாத்துக்கறாரா?"

"அவரு செத்து மூணு வருசம் ஆவுதுங்க. இருந்த வரைக்கும் இந்த வேலைக்குப் போவக் கூடாதுன்னு ஒரே சண்டை. இப்பவாவது துணைக்கு நிக்கட்டும்."

கணவர் பெயருக்குக் கீழே 'பெண்களுக்கு மட்டும்' என்று போட்டுக் கொடுத்தேன்.

அந்த அம்மாவின் தெருவில் போகும்போதெல்லாம் பலகையைப் பார்ப்பேன். போன் வருவது நின்றதா என்று கேட்கத் தோன்றும். இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கேட்காமலே வந்துவிடுவேன்.