அப்பாவுக்குப் போன ஓடிபி

மைசூருவில் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். அது கிடைக்காவிட்டால் விடுதியைக் காலி செய்ய வேண்டியதுதான். ஆதார் எடுத்த நாளில் வீட்டில் ஐந்து பேருக்கும் அப்பாவின் கைபேசி எண்ணையே கொடுத்திருந்தோம். அதனால் கணினி மையத்தில் நான் ஒவ்வொரு பக்கத்தையும் முடிக்கும்போது ஓடிபி, எங்கள் ஊரான ஹனூரில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குப் போனது. பத்து நிமிடத்துக்குள் அதைப் பதிய வேண்டும்.

வண்டியை நிறுத்திவிட்டுத்தான் பேசுவார். “எழுதிக்க கண்ணு. நாலு, சைபர், ஏழு… சாப்பிட்டியா?”

“சாப்பிட்டனுங்கப்பா. மிச்சத்தச் சொல்லுங்க.”

“என்ன சாப்பிட்ட?”

மையத்துக்காரர் திரையைப் பார்த்தபடி, கன்னடம் கலந்த தமிழில், “ரெண்டு பேரும் ஊட்டா முடிச்சிட்டுச் சொல்லும்மா, கவர்மென்ட் காத்துட்டு இருக்கும்” என்றார். அந்த எண் காலாவதியானது. மறுபடி அழைத்தேன். அன்று மட்டும் ஆறு முறை. என்னிடம் அவர் அதற்குமுன் அவ்வளவு பேசியதில்லை. கடைசிப் பக்கம் வந்தபோது, இன்னொரு பக்கம் இருந்தால் தேவலை என்றிருந்தது.

உதவித்தொகை வந்தது. மையத்துக்காரர் சொன்னபடி ஆதாரில் என் எண்ணைச் சேர்த்தேன். அடுத்த ஆண்டு புதுப்பிக்கும் வேலை விடுதி அறையிலேயே சீக்கிரம் முடிந்துவிட்டது. அன்று புதுப்பிக்கப்போவதை அப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தேன்; மாலையில் அவரை அழைத்தேன்.

“காலையில இருந்து பாத்துட்டே இருக்கறேன் கண்ணு, நம்பர் ஒண்ணும் வரலையே.”

“இனிமே எனக்கே வந்துருமுங்கப்பா. வேலை முடிஞ்சுது. சும்மாதான் கூப்பிட்டேன்.”

“சும்மாவா?” என்றார். “இரு, அம்மாகிட்டக் குடுக்கறேன்.”